உடுக்குறி வினா

நாடாளுமன்றச் செய்திகளில் ‘நட்சத்திரக் கேள்வி’ என்று வருவதைப் படித்துவிட்டு, அது ஏதோ முக்கியமான கேள்வி என்று பலர் நினைக்கிறார்கள். கேள்வியின் தரத்துக்கும் அந்த நட்சத்திரத்துக்கும் தொடர்பில்லை. அமைச்சர் அவையில் எழுந்து வாயால் விடை சொல்ல வேண்டிய கேள்விக்கு எண்ணோடு ஒரு * குறி இடுவார்கள், அவ்வளவுதான். பிரிட்டிஷ் நாடாளுமன்ற வழக்கம் இது. அந்தக் குறியின் பெயரான ‘ஆஸ்டெரிஸ்க்’ கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘சின்ன விண்மீன்’ என்று பொருள். தமிழில் விண்மீனுக்கு ‘உடு’ என்றொரு பெயர் உண்டு; நிலவை உடுபதி என்பதும் அதனால்தான். ஆகவே உடுக்குறி வினா. பொருள் உடனே புரிய வேண்டிய இடத்தில் ‘வாய்மொழி வினா’ என்பதே நல்லது. குறியில்லாதது எழுத்து வினா: விடை தாளில் வரும், விவாதம் கிடையாது.

வாய்மொழி விடைக்கு ஏன் இத்தனை போட்டி? விடை வந்ததும் அவையிலேயே தொடுக்கும் துணைக்கேள்விக்காக. பிரிட்டிஷ் ஆட்சியின் 1892ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டம் கேள்வி கேட்க மட்டுமே இடம் தந்தது. விடை கேட்டபின் மேலும் துருவ 1909இல்தான் வழி பிறந்தது, அதுவும் கேட்டவருக்கு மட்டும். இன்று கேட்டவருக்கு இரண்டு துணைக்கேள்விகள். அவைத்தலைவர் அனுமதித்தால் மற்றவர்களும் கேட்கலாம். 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளை வாங்கிய விவகாரம் மக்களவையில் எழுந்த கேள்விகளால்தான் வெடித்தது. அடுத்த ஆண்டே நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

வினாவுக்கு 15 முழு நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். முன்னுரிமை குலுக்கலில் அமையும். மக்களவையில் ஒரு நாள் பட்டியலில் உடுக்குறி வினா 20, எழுத்து வினா 230. ஓர் உறுப்பினருக்கு ஒரு நாளில் உடுக்குறி வினா ஒன்றே ஒன்று.

பெரும்பாலும் சறுக்குவது வாசகத்தில். ‘கேந்திரிய வித்யாலயா பள்ளிகளை அரசு புறக்கணிப்பது ஏன்?’ என்று எழுதினால் நிற்காது. குற்றச்சாட்டும் அடைமொழியும் விதிக்கு ஆகாது. ‘(அ) அப்பள்ளிகளில் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை, (ஆ) அவற்றுள் காலியானவை மாநிலவாரியாக எத்தனை, (இ) நிரப்ப எடுத்த நடவடிக்கை என்ன?’ என்பது நிற்கும். 150 சொல்லுக்கு மேல் போகக்கூடாது. கருத்துக் கேட்கக்கூடாது. ஊர் அரசு மருத்துவமனையைப் பற்றிக் கேட்டால், அது மாநிலப் பொருள் என்று திரும்பிவிடும்.

நம் இலக்கணம் வினாவை ஆறாகப் பிரிக்கிறது. மக்களவை விதி கேட்பது, விடை தெரியாமல் கேட்கும் அறியாவினாவின் தோற்றத்தை. ஆனால் தேர்ந்த உறுப்பினர் கேட்பது அறிவினா: காலியிட எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே எழுவார். (இ) பகுதி உண்மையில் ஏவல் வினா, அதாவது செயலைச் செய்யத் தூண்டும் வினா. இந்த வேறுபாடு தெரியாதவர் துணைக்கேள்வியை வீணாக்கிவிடுவார்.

கேள்வி நேரம் ஒரு மணிதான். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் போனால் ஆறோடு முடிந்தது. எட்டாத வினாக்களுக்கு எழுத்து விடையே மிஞ்சும். அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டாலும் அதே கதி.

‘தகவல் திரட்டப்படுகிறது’ என்று விடை வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். அது அரசின் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால் 1953 முதல் இயங்கும் அரசு உறுதிமொழிக் குழு அமைச்சகத்தை அழைத்துக் கேட்கும்.