தெசாரஸ்: தேடலுக்கு ஒரு நிகண்டு

தெசாரஸ் என்பதன் வேர் கிரேக்கம். கருவூலம், சேமிப்பறை என்று பொருள். 1852இல் பீட்டர் மார்க் ரோஜே பொருள்வாரியாகச் சொற்களை அடுக்கிய நூலுக்கு இந்தப் பெயரை வைத்ததிலிருந்து, ஒத்த சொற்களின் தொகுப்பு என்ற பொருள் நிலைத்தது. தகவல் தேடலில் பொருள் இன்னும் குறுகியது. ஒன்றுக்குப் பல பெயர் இருந்தால், ஒன்றைத் தலைச்சொல்லாக நிறுத்தி மற்றவற்றிலிருந்து அதற்கு வழிகாட்டும் பட்டியல் அது. ஒரு சொல்லைவிட விரிந்த பொதுச்சொல், குறுகிய சிறப்புச்சொல், தொடர்புடைய உறவுச்சொல் எவை என்றும் காட்டும்.

வேளாண் கட்டுரைகளைத் தேட ஒரு தெசாரஸ் செய்வதாக வைத்துக்கொள்வோம். டெல்டா விவசாயி ‘புகையான்’ என்கிற நெற்பூச்சிதான் வேளாண் கையேட்டில் ‘பழுப்புத் தத்துப்பூச்சி’. ஒரு பெயரில் தேடினால் மற்றதில் எழுதியது அகப்படாது. தலைச்சொல்லாகப் புகையானையே வைப்பேன், தேடப்போகிறவர் விவசாயி. ‘சம்பா’வில் சிக்கல் நேரெதிர்: அது பருவம், சீரகச் சம்பா போன்ற நெல்லும்கூட. சம்பா (பருவம்), சம்பா (நெல்) என்று பிரித்தே பதிய வேண்டும்.

சரி, கணினிக்கு என்ன வேலை? முதலில் உருபுகளைக் கழற்றும். புகையானை, புகையானுக்கு, புகையானால் எல்லாம் ஒரே சொல்லாகும். அப்புறம் எந்தச் சொல் எவற்றோடு வருகிறது என்று எண்ணும். புகையானும் பழுப்புத் தத்துப்பூச்சியும் ஒரே கட்டுரையில் சேர்ந்து வராமல் போகலாம். ஆனால் இரண்டைச் சுற்றியும் தூர், சாறு, தழைச்சத்து, நீரை வடித்தல் என்ற அதே சொற்கள் மொய்க்கும். அதை வைத்தே இவை ஒன்றோ என்று முன்மொழியும். அதே கணக்கில் பச்சைத் தத்துப்பூச்சியையும் கொண்டுவந்து நிறுத்தும்! அது துங்ரோ நோயைப் பரப்பும் வேறு பூச்சி. வயலறிந்தவர் பார்த்துத்தான் அதை விலக்க வேண்டும். பொருளைக் கூறுகூறாகப் பகுக்கும் வேலையில், சீர்காழியைப் பெயரிலேயே (‘எஸ்’ என்பது அதுதான்) கொண்ட நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூல்களை வகைப்படுத்த 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை இன்றும் கைகொடுக்கிறது.

தமிழில் ‘சொற்களஞ்சியம்’ என்கிறோம். கிரேக்க வேருக்கு நெருக்கம்தான். ஆனால் ஒருவருக்குத் தெரிந்த சொற்களின் மொத்தத்துக்கும் அதே பெயர். ‘தேடல் நிகண்டு’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. நிகண்டு என்பது சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்த பழந்தமிழ் நூல். அம்பர் என்ற ஊரின் தலைவன் சேந்தன் ஆதரவில் திவாகரர் செய்த நிகண்டில் 12 தொகுதிகள். மரப்பெயர், இடப்பெயர் என்று வகைவகையாகப் போய், 11ஆம் தொகுதி ஒருசொல் பல்பொருளுக்கு. சம்பாவின் இடம் அதுதான். பழைய நிகண்டு எல்லாப் பெயர்களையும் சமமாக வைக்கும், தலைச்சொல் நிறுத்தாது. ‘தேடல்’ என்ற அடை அந்த வேறுபாட்டுக்காக.

‘கட்டுப்படுத்திய சொற்றொகுதி’, அதாவது இன்னின்ன சொற்களையே பயன்படுத்த வேண்டும் என்று வரையறுத்த பட்டியல், இதைவிடப் பரந்த பெயர். நூலகங்களின் பொருள்தலைப்புப் பட்டியலும் அதில் அடங்கும். தேடல் நிகண்டு அதில் ஒரு வகை.