தீயா, சுவரா?

1964 ஜனவரி 19, கலிபோர்னியாவின் ரிவர்சைடு பந்தயப் பாதை. ஜோ வெதர்லியின் கார் ஒரு வளைவில் கைமீறிப் போய்த் தடுப்புச் சுவரில் மோதியது. நாஸ்கார் என்ற அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத் தொடரில் 1962, 1963 இரண்டு ஆண்டுகளும் சாம்பியன் பட்டம் வென்றவர் அவர். மோதிய அதிர்ச்சியில் அவருடைய தலை, திறந்திருந்த பக்கவாட்டு ஜன்னல் வழியாக வெளியே போய்ச் சுவரில் அடிபட்டது. உயிர் போய்விட்டது. இடுப்பு பெல்ட் போட்டிருந்தார், தோள் பெல்ட் போடவில்லை. யோசித்துத்தான் அதைத் தவிர்த்திருந்தார். கார் தீப்பிடித்தால் பெல்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் போய்விடும் என்று பயந்தார்.

நான்கு மாதம் கழித்து, மே 24. வட கரோலினாவின் சார்லட்டில் 600 மைல் பந்தயம், 7-வது சுற்று. முன்னால் போய்க்கொண்டிருந்த ஜூனியர் ஜான்சனும் நெட் ஜாரெட்டும் மோதிச் சுழன்றார்கள். அவர்களைத் தவிர்க்கப் பார்த்த ஃபயர்பால் ராபர்ட்ஸின் கார் சுவரில் அடித்துத் தலைகீழாகக் கவிழ்ந்தது. பெட்ரோல் டேங்க் உடைந்தது. ஜாரெட் ஓடிவந்து அவரை நெருப்பிலிருந்து இழுத்து வெளியே எடுத்தார். உடலின் பெரும்பகுதி வெந்துபோயிருந்தது. 39 நாள் மருத்துவமனையில் போராடி, ஜூலை 2-ம் தேதி ராபர்ட்ஸ் இறந்தார். வயது 35. 'ஃபயர்பால்' (தீப்பந்து) என்ற பெயருக்கும் அந்தத் தீக்கும் சம்பந்தம் இல்லை. இளம் வயதில் பேஸ்பால் ஆடியபோது பந்தை அவ்வளவு வேகமாக எறிவார் என்பதால் வந்த பட்டப்பெயர் அது.

ஆறே மாதத்துக்குள் இரண்டு சாவு. ஒருவர் தீக்குப் பயந்து பெல்ட்டைத் தவிர்த்தார், அவரைச் சுவர் கொன்றது. இன்னொருவரைத் தீயே கொன்றது. அந்தக் காலத்து ஓட்டுநர்கள் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படாத முரடர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் கவலைப்பட்டார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த கார், ஒரு ஆபத்திலிருந்து தப்ப வேண்டுமானால் இன்னொன்றுக்குத் தலையைக் கொடு என்று கேட்டது. அந்தக் கணக்கு எப்படி உருவானது, எப்படி அவிழ்ந்தது என்று பார்ப்போம்.

ஸ்டாக் கார் என்றால் ஷோரூமில் விற்கும் கார். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கள்ளச்சாராயம் கடத்தியவர்கள், போலீஸிடமிருந்து தப்புவதற்காகச் சாதாரண காரின் எஞ்சினையும் ஸ்பிரிங்கையும் மாற்றி ஓட்டிப் பழகினார்கள். அந்தத் திறமைதான் பந்தயமாக மாறியது. பில் ஃபிரான்ஸ் என்பவர் முன்னின்று 1948-ல் நாஸ்கார் அமைப்பைத் தொடங்கினார். 1949 ஜூன் 19-ல் சார்லட்டில் நடந்தது முதல் 'கண்டிப்பான ஸ்டாக்' பந்தயம். காரில் எதையும் மாற்றக் கூடாது என்பது விதி. முதலில் வந்த க்ளென் டனவே, பின் ஸ்பிரிங்கைக் கடத்தல்காரர்கள் பாணியில் மாற்றியிருந்ததால் நீக்கப்பட்டார். ஜிம் ரோப்பர் வென்றதாக அறிவித்தார்கள். கடன் வாங்கிய ஒரு ப்யூக் காரில் வந்த லீ பெட்டி என்ற ஓட்டுநர் அந்தக் காரை உருட்டிவிட்டார். லீ பெட்டியின் குடும்பம் இந்தக் கதையில் மறுபடியும் வரும்.

வேடிக்கை என்னவென்றால், கார் நியாயமாக இருக்க வேண்டும் என்று வைத்த அந்த விதியே ஓட்டுநரை ஆபத்தில் வைத்தது. வீட்டிலிருந்து சந்தைக்குப் போக வடிவமைத்த வண்டி அது. வளைவில் கதவு திறந்துகொள்ளும். அதனால் வாரால் கட்டுவார்கள். சீட் அகலமான சோபா மாதிரி, பிடிமானமே கிடையாது. 1952-ல் பென்சில்வேனியாவின் லாங்ஹார்ன் மண் பாதையில் லாரி மான் இறந்தார். நாஸ்காரின் முதல்நிலைத் தொடரில் உயிரிழந்த முதல் ஓட்டுநர் அவர். 1949-ன் சாம்பியன் ரெட் பைரன், இரண்டாம் உலகப் போரில் காலில் பட்ட காயத்தோடு ஓட்டியவர். அந்தக் கால் கிளட்ச்சில் நிற்கும்படி பெடலிலேயே ஒரு கவ்வி பொருத்தியிருந்தார்கள். கார் எரிந்தால் அந்தக் காலை எடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அப்புறம் வேகம் ஏறியது. 1959-ல் திறந்த டேடோனா பாதையின் வளைவுகள் 31 டிகிரி சாய்ந்தவை. பிரேக்கைத் தொடாமலே சுற்றலாம். 1963-ல் அங்கே முதலிடத்துக்கான தகுதிச் சுற்றின் வேகம் மணிக்குச் சுமார் 259 கி.மீ. அடுத்த ஆண்டு கிரைஸ்லர் நிறுவனத்தின் ஹெமி எஞ்சின் வந்தது. அது சுமார் 281 கி.மீ. ஆனது. வேகம் 9 சதவீதம்தான் கூடியிருக்கிறது. ஆனால் ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு வளரும். அதனால் ஒரே வருடத்தில் ஒவ்வொரு காரும் சுமந்த ஆற்றல் 18 சதவீதம் ஏறிவிட்டது. மணிக்கு 280 கி.மீ. வேகத்தில் போகும் கார், நூறு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுந்து தரையைத் தொடப்போகும் காருக்குச் சமம். டயரும் டேங்கும் பெல்ட்டும் பழைய கணக்கிலேயே இருந்தன.

முதலில் தீ. பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே பற்றிக்கொள்ளும் அளவுக்கு அது ஆவி விடும். காற்றில் அந்த ஆவி ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். டேங்குக்குள் ஆவி அதைவிட அடர்த்தியாக இருப்பதால் வழக்கமாக உள்ளே தீப்பிடிக்காது. டேங்க் பிளக்கும்போதுதான் வினை. தகர டேங்க் நசுங்கும்போது உள்ளிருக்கும் பெட்ரோலுக்கு ஒதுங்க இடமில்லை. எங்கே இணைப்பு பலவீனமோ அங்கே கிழித்துக்கொண்டு பீய்ச்சியடிக்கும். பீய்ச்சும்போது பொடித் துளிகளாகச் சிதறும். ஒரு லிட்டர் பெட்ரோல் குட்டையாகக் கிடந்தால் மேற்பரப்பு கொஞ்சம்தான். அதே ஒரு லிட்டர் துளிகளாகச் சிதறினால் மேற்பரப்பு பல நூறு மடங்கு. அத்தனையும் ஒரே நொடியில் ஆவியாகிக் காற்றோடு கலக்கும். ராபர்ட்ஸுக்கு நடந்தது பந்தயத்தின் 7-வது சுற்றில். டேங்க் அப்போது கிட்டத்தட்ட நிறைந்திருந்தது.

உடுப்பும் காப்பாற்றவில்லை. அன்றைக்குத் தீத்தடுப்பு என்றால் பருத்தி உடையை ஒரு ரசாயனக் கரைசலில் முக்கி உலர்த்துவது. ராபர்ட்ஸுக்கு ஆஸ்துமா இருந்தது. அந்த ரசாயனம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் அவர் அதை அணிவதில்லை. மூச்சு விடுவதற்கும் தீயிலிருந்து தப்புவதற்கும் நடுவில் அவரும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

இதற்குக் கிடைத்த விடை எனக்கு மிகவும் பிடித்த பொறியியல்களில் ஒன்று. தகர டேங்கை இன்னும் கெட்டியாக்குவதற்குப் பதிலாக, அதை வளையும்படி செய்தார்கள். ராணுவ விமானங்களுக்காகச் செய்த டேங்குகளின் வழியில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ஒன்றைக் கொண்டுவந்தது. எஃகுப் பெட்டிக்குள் துணி கோத்த தடித்த ரப்பர் பை, அந்தப் பைக்குள் பஞ்சு போன்ற நுரைப்பொருள். மோதினால் பை பிதுங்கும், கிழியாது. அப்படியே கிழிந்தாலும் ஈர ஸ்பாஞ்சில் ஓட்டை போட்டால் தண்ணீர் எப்படிக் கசியுமோ அப்படித்தான் பெட்ரோல் வெளியே வரும். நுரையின் நுண்ணறைகள் தீ உள்ளே பரவுவதையும் தடுக்கும். உடுப்புக்கு டூபான்ட் நிறுவனத்தின் நோமெக்ஸ் இழை வந்தது. அது உருகி ஒட்டாது. சூடு பட்டால் கருகித் தடித்து, தீக்கும் தோலுக்கும் நடுவில் தடுப்பாக நிற்கும். தீத்தடுப்பு அந்த இழையின் அமைப்பிலேயே இருக்கிறது. துவைத்தால் போகாது, மூச்சையும் அடைக்காது.

டயரையும் சொல்ல வேண்டும். 1964 செப்டம்பரில் ஜிம்மி பார்டியூ சார்லட்டிலும், 1965 ஜனவரியில் பில்லி வேட் டேடோனாவிலும் இறந்தார்கள், இருவருமே டயர் சோதனையில். ஆரம்ப நாட்களில் காரின் தரையில் சின்னக் கதவு வைத்து, ஓட்டிக்கொண்டே அதைத் திறந்து டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தவர்கள் இருந்தார்கள். புதிய வேகத்துக்கு அதெல்லாம் போதவில்லை. டயருக்குள் தனிக் காற்றோடு இன்னொரு டயரை வைத்தது குட்இயர். வெளியே இருப்பது வெடித்தாலும், கார் உள்ளே இருப்பதன் மேல் இறங்கி நேராக ஓடும். ஓட்டுநருக்குச் சில விநாடிகள் கிடைக்கும், அது போதும்.

இப்போது சுவருக்கு வருவோம். டேடோனா மாதிரி பாதையில் 280 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதியவர்கள் நிறையப் பேர் எழுந்து நடந்திருக்கிறார்கள். கார் பெரும்பாலும் சுவரை உரசுகிற மாதிரி, சாய்கோணத்தில்தான் மோதும். சுவரை நோக்கிய வேகம் மட்டுமே நிற்க வேண்டும், சுவரோடு ஒட்டிய வேகம் உராய்ந்துகொண்டே குறையும். 15 டிகிரி கோணத்தில் மோதினால் சுவரை நோக்கிய வேகம் சுமார் 72 கி.மீ.தான். கார் பத்துமுறை உருண்டு, பாகங்கள் பறந்து, பார்ப்பவர்களை உறைய வைக்கும் விபத்திலும் ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செலவாகிறது. சத்தமில்லாமல், ஒரே இடத்தில், ஒரே அடியாக நிற்கும் மோதல்தான் ஆளைக் கொல்கிறது. கணக்கு எளிது. 72 கி.மீ. வேகத்தை ஒரு மீட்டர் தூரத்தில் நிறுத்தினால் உடம்பு தன் எடையைப் போல் 20 மடங்கு விசையை உணரும். அரை மீட்டரில் நிறுத்தினால் 40 மடங்கு. வைக்கோல் போரில் குதிப்பதற்கும் களத்தில் குதிப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

காரின் மூக்கு நசுங்கிக் கொடுக்கும் அந்த அரை மீட்டர் ஓட்டுநருக்கும் பயன்பட வேண்டுமானால் அவர் காரோடு ஒட்டியிருக்க வேண்டும். தளர்ந்திருந்தால் கார் நின்ற பிறகும் அவர் பழைய வேகத்திலேயே போய் எதிலாவது மோதுவார். அவருக்குக் கிடைக்கும் நிறுத்தும் தூரம் சில சென்டிமீட்டர்தான். வெதர்லி தோள் பெல்ட் இல்லாமல் இழந்தது அந்தத் தூரத்தை. ஆனால் தீயை அடக்காமல் அவரைப் பார்த்துப் பெல்ட்டை இறுக்கு என்று சொல்ல யாருக்கும் உரிமை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ரப்பர் டேங்கும் நோமெக்ஸும் வந்த பிறகுதான் பயமில்லாமல் பெல்ட்டை இறுக்க முடிந்தது.

ஜன்னல் மட்டும் இன்னும் ஆறு வருடம் திறந்தே கிடந்தது. 1970-ல் டார்லிங்டன் பாதையில் லீ பெட்டியின் மகன் ரிச்சர்ட் பெட்டியின் கார் சுவரில் அடித்துப் பலமுறை உருண்டது. ஒவ்வொரு புரளலிலும் அவருடைய கை ஜன்னலுக்கு வெளியே துவண்டு ஆடுவது படத்தில் பதிவாகியிருக்கிறது. தோள்பட்டைக் காயத்தோடு தப்பினார். அடுத்த ஆண்டு ஜன்னலில் வலை கட்டாயமானது. பட்டையான நாடாக்களைப் பின்னிச் செய்த சாதாரண வலை. 1964-ல் வெதர்லி இறந்த பிறகே அதை மாட்டியிருக்கலாம். அது தாமதமானதை என்னால் லேசாகக் கடக்க முடியவில்லை.

உடம்பை நன்றாகக் கட்டியதும் புதிதாக ஒன்று தெரியவந்தது. மார்பும் இடுப்பும் சீட்டோடு நிற்கின்றன, தலையை எதுவும் பிடித்திருக்கவில்லை. ஹெல்மெட்டோடு சேர்த்துத் தலை சுமார் 6 கிலோ. 50 மடங்கு விசையில் அது 300 கிலோவாக முன்னால் இழுக்கிறது, இழுப்பதைத் தாங்குவது கழுத்து மட்டும். கழுத்து மண்டையோட்டைச் சந்திக்கும் அடித்தளத்தில் எலும்பு உடைகிறது. மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள் அந்த இடத்தில்தான் இருக்கின்றன. 2000 மே மாதம் நியூ ஹாம்ப்ஷயர் பாதையில் ஆடம் பெட்டி இப்படி இறந்தார். ரிச்சர்டின் பேரன், வயது 19. கொள்ளுத்தாத்தா லீ பெட்டி இறந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. எட்டு வாரம் கழித்து அதே பாதையில் கென்னி இர்வின். 2001 பிப்ரவரியில், டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில், ஏழு முறை சாம்பியனான டேல் எர்ன்ஹார்ட்.

இதற்கான கருவி அப்போதே இருந்தது என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்ட், பந்தய ஓட்டுநரான தன் மைத்துனர் ஜிம் டவுனிங்கோடு சேர்ந்து 1980-களிலேயே அதைச் செய்திருந்தார். பெயர் ஹான்ஸ். தோள் மேல் உட்கார்ந்து, தோள் பெல்ட்டால் அழுத்தப்படும் ஒரு கெட்டியான கழுத்துப்பட்டை. அதிலிருந்து இரண்டு வார்கள் ஹெல்மெட்டைப் பிடித்திருக்கும். தலை தனியாகப் போகாமல் உடம்போடு சேர்ந்தே நிற்கும். ஓட்டுநர்கள் பலர் வேண்டாம் என்றார்கள். அசௌகரியம் ஒரு காரணம். எரியும் காரிலிருந்து வெளியே வர இடைஞ்சலாக இருக்கும் என்பது இன்னொன்று. வெதர்லி சொன்ன அதே காரணம், 37 வருடம் கழித்து. 2001 அக்டோபரில் நாஸ்கார் இத்தகைய தலைப்பிடிப்பைக் கட்டாயமாக்கியது.

அடுத்த வருடம் சுவரையும் மாற்றினார்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டீன் சிக்கிங்கின் குழு வடிவமைத்த தடுப்பு 2002-ல் முதன்முதலாக இண்டியானாபோலிஸ் பாதையில் நின்றது. கான்கிரீட் சுவருக்கு முன்னால் நுரைக் கட்டிகள், அவற்றுக்கு முன்னால் எஃகுக் குழாய்கள். கார் மோதினால் எஃகு மொத்தமாகப் பின்வாங்கி நுரையை நசுக்கும். இப்போது நிறுத்தும் தூரத்தில் ஒரு பங்கைச் சுவரே கொடுக்கிறது. எர்ன்ஹார்ட்டுக்குப் பிறகு நாஸ்காரின் முதல்நிலைத் தொடரில் பந்தய விபத்தில் எந்த ஓட்டுநரும் இறக்கவில்லை.

இன்றைக்கும் ஒரு கார் சுவரில் அடித்து, புகை அடங்கி நின்றதும், மைதானத்தில் எல்லோரும் பார்ப்பது இடது பக்க ஜன்னலைத்தான். நலமாக இருந்தால் ஓட்டுநர் வலையின் கொக்கியை உள்ளிருந்து கழற்றிக் கீழே விட வேண்டும். மீட்புக் குழுவுக்கு அதுதான் அடையாளம். வலை விழாமல் இருக்கும் வரை அவர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள்.