வந்திக்கு விழுந்த பங்கு: ஒரு தெருவின் வரி அதே தெருவுக்குத் திரும்புவது எப்படி?

ஆவணி மூலத் திருவிழாவில் மதுரை புட்டுத்தோப்பில் நடக்கும் லீலை நமக்கெல்லாம் சிறுவயதிலிருந்தே தெரியும். வைகை பெருகிக் கரை உடைகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து அவரவர் பங்குக் கரையை அடைக்க வேண்டுமென்று பாண்டியன் முரசறைவிக்கிறான். புட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு விழுகிறது. அவளுக்கு ஆள் இல்லை. உதிர்ந்த புட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு சிவனே மண் சுமக்க வருகிறார்.

பக்தியோடு கேட்கிற இந்தக் கதைக்குள் ஒரு நிதி ஏற்பாடு ஒளிந்திருக்கிறது. கரை உடைந்தால் யார் வீடு மூழ்குமோ அவர்களே கரைக்குப் பொறுப்பு. கரையை அளந்தாயிற்று, பங்கு பிரித்தாயிற்று, எந்தப் பங்கு அடைபடவில்லை என்று பார்க்க ஆளும் போட்டாயிற்று. உலகின் பல நகரங்களில் இன்று ‘சிறப்பு வரி வட்டாரம்’ என்ற பெயரில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஒரு கடைவீதியைச் சுற்றிக் கோடு போடுவார்கள். கோட்டுக்குள் இருக்கும் சொத்துகள் வழக்கமான வரிக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகக் கட்டும். அந்தக் கூடுதல் பணம் கோட்டைத் தாண்டி வெளியே போகக் கூடாது. கண்மாய்ப் பாசனம் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மடை பழுதானால் அதை அந்தக் கண்மாயின் ஆயக்கட்டுக்காரர்கள்தானே பார்த்தார்கள்?

கடைக்காரர்கள் தாமாகவே பணம் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். எங்கள் ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எழுதும் நோட்டை நான் பார்த்திருக்கிறேன். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் தொகை, கட்டியவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு. கோடு விழாத வீட்டுக்குக் கோயில் மரியாதை கிடையாது என்பதால் நோட்டு சீக்கிரமே சிவந்துவிடும். கடைவீதியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பத்துக் கடை சேர்ந்து தெருவிளக்கு போட்டால் பதினோராவது கடைக்கும் வெளிச்சம் விழும். அதைத் தடுக்க வழியில்லை. அடுத்த ஆண்டு பத்தில் நாலு பேர் கைவிரிப்பார்கள்.

கனடாவின் டொரான்டோ நகரில் ப்ளோர் வீதியின் மேற்குப் பகுதிக் கடைக்காரர்களுக்கும் இதே சிக்கல் வந்தது. வீதிக்கு அடியில் சுரங்க ரயில் வந்ததும், டிராமில் வந்து கடை பார்த்துப் போன கூட்டம் கண்ணுக்குத் தெரியாமல் கீழேயே கடந்துவிட்டது. ஆளாளுக்குச் சந்தா வசூலித்து மீள முடியாது என்று கண்டு, எல்லாக் கடையும் கட்டாயம் கட்டும் வரிக்கு மாகாணச் சட்டத்தின் வழியே அனுமதி பெற்றார்கள். 1970-இல் தொடங்கிய அந்த ஏற்பாடுதான் இவ்வகையில் உலகின் முதல் வட்டாரம்.

நம் கீழ மாசி வீதி போன்ற ஒரு வீதியில் 200 கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைக்குச் சராசரியாக மாதம் 600 ரூபாய். ஆண்டுக்கு 14.4 லட்சம் சேரும். குப்பை அள்ளவும் காவலாளிக்கும் இது போதும். வடிகாலைத் தோண்டிப் புதிதாகப் போடப் போதாது. இங்கேதான் கடன் வருகிறது. வரி கட்டாயம் என்பதால், இந்த 14.4 லட்சம் பத்தாண்டுக்கு வந்துகொண்டே இருக்கும் என்று வங்கி நம்பும். 9 சதவீத வட்டியில் இன்றைக்கே சுமார் 92 லட்சம் கைக்கு வரும். பத்தாண்டில் கட்டுவது 144 லட்சம், அதில் 52 லட்சம் வட்டி. பெரிய தொகைதான். ஆனால் ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் கடைக்குள் சாக்கடை ஏறி மூட்டை மூட்டையாகச் சரக்கு நனைகிற நஷ்டத்தையும் கணக்கில் வைத்துத்தான் இதை எடைபோட வேண்டும்.

இன்னொரு வகை கொஞ்சம் நுட்பமானது. கலிபோர்னியாவில் 1952-இல் வந்தது. இதில் புது வரி எதுவும் போடுவதில்லை. வட்டாரத்திலிருந்து இன்று வரும் சொத்து வரியை ஒரு மட்டமாக நிறுத்திவைப்பார்கள். அது 50 லட்சம் என்றால் 50 லட்சம் வழக்கம்போல் பொதுக் கணக்குக்குப் போகும். வேலை நடந்து சொத்து மதிப்பு ஏறி, வரி 70 லட்சமானால் உபரி 20 லட்சம் வட்டாரக் கணக்குக்கு. கேட்க இனிக்கிறது. ஆனால் அந்த 20 லட்சமும் புது வடிகாலால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது? தமிழ்நாடு முழுவதும் 2022-இல் சொத்து வரி உயர்ந்தது. அப்போது மதுரையில் இப்படி ஒரு வட்டாரம் இருந்திருந்தால், எந்த வேலையும் செய்யாமலே உபரி கொட்டியிருக்கும். மற்ற வார்டுகளுக்குச் சேர வேண்டிய பணம் ஒரு வீதிக்குள் முடங்கியிருக்கும். முதல் வகையே நேர்மையானது என்பது என் கருத்து. கூடுதலாக வேண்டுகிறவர் கூடுதலாகக் கட்டுகிறார், அவ்வளவுதான்.

நம்மூரில் ஒரு வியாபாரிகள் சங்கம் தானாக வரி போட முடியாது. அரசியலமைப்பின் 243எக்ஸ் பிரிவுப்படி, மாநிலச் சட்டம் அனுமதிக்கும் வரியை மட்டுமே மாநகராட்சி விதிக்கலாம். இருந்தாலும் பயன்பெறுகிறவரே பணம் தரும் வழக்கம் நமக்கு உண்டு. சென்னையை அடுத்த ஆலந்தூரில் பாதாளச் சாக்கடைக்காக வீடுகள் தலா 5,000 ரூபாய் முன்பணம் கட்டின. மதுரை உள்வட்டச் சாலைக்காக மாநகராட்சி 2001-இல் 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. அந்தச் சாலையில் போன வண்டிகள் சுங்கம் கட்டின.

இந்த முறையில் என்னை உறுத்துவது, வரி யார் தலையில் போய் இறங்குகிறது என்பதுதான். கூலியாளாக வந்த சிவன் வேலை செய்யாமல் படுத்ததற்குப் பிரம்படி விழுந்தபோது, அடி பாண்டியன் முதுகிலும் ஊரார் முதுகிலும் பட்டது என்பார்கள். வரியும் அப்படித்தான் நகரும். கட்டிடக்காரர் பெயரில் விழும். அடுத்த மாதமே வாடகையில் ஏறும். பிறகு சாமான் விலையில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். இங்கிலாந்தில் இதற்கு ஒரு காப்பு வைத்திருக்கிறார்கள். கடை நடத்தி வரி கட்டுகிறவர்களுக்கே அங்கே ஓட்டு. வாக்களித்தவர்களின் எண்ணிக்கையிலும் அவர்களுடைய சொத்து மதிப்பிலும் தனித்தனியே பெரும்பான்மை கிடைத்தால்தான் வட்டாரம் அமையும். நாலைந்து பெரிய ஜவுளிக் கடைகள் மட்டும் சேர்ந்து முடிவெடுக்க முடியாது. ஐந்து ஆண்டுக்குள் மறுபடி ஓட்டெடுக்கவும் வேண்டும்.

அங்கும் வந்திக்கு இடமில்லை. விளக்குத்தூண் ஓரத்தில் கூடையில் பூ வைத்து விற்கிற அம்மாவுக்குச் சொத்து வரி எண் கிடையாது. அதனால் ஓட்டும் கிடையாது. ஆனால் நடைபாதைக்குப் புதுக்கல் பதிக்கும்போது முதலில் எழுந்து போகச் சொல்வது அவரைத்தான். 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம், தெருவோர வியாபாரத்தை ஒழுங்குபடுத்த ஊரில் அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தெருவோர வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கிறது. மதுரையில் என்றைக்காவது இப்படி ஒரு வட்டாரத்துக்குக் கோடு போட்டால், அதன் நிர்வாகக் குழுவிலும் அந்த அம்மாவுக்கு ஒரு நாற்காலி முதல் நாளே எழுதிவைக்கப்பட வேண்டும்.