பதிப்பு எண்ணை நம்பி மாட்யூல் எழுதலாமா?

காட்பாடியில் ஒரு கல்லூரி லேபில், உபுண்டு லினக்ஸ் கணினியில், அளவீட்டுத் தரவைச் சேகரிக்கும் ஒரு கார்டுக்கு டிரைவர் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இயங்குதளத்தின் மையமான கெர்னலில் தேவைப்படும்போது ஏற்றும் நிரல்துண்டாக, அதாவது மாட்யூலாக, அதை எழுதுகிறார்கள். அது ராணிப்பேட்டைத் தோல் ஆலை ஒன்றின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், ரெட் ஹாட் லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த அல்மாலினக்ஸ் சர்வரில் ஓட வேண்டும். லேபில் ஓடியது அங்கே கம்பைல்கூட ஆகாமல் போகலாம்.

சாதாரணப் புரோகிராம்கள் கெர்னலிடம் வேலை கேட்க நம்பியிருக்கும் சிஸ்டம் கால்களை லினக்ஸ் உடைப்பதில்லை. கெர்னலுக்கு உள்ளே இருக்கும் ஃபங்ஷன்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. டைமர் அமைக்கும் முறை 4.15-ல் மாறியது. கெர்னல் தகவல்களைக் காட்டும் ப்ராக் (/proc) கோப்புகளுக்கு 5.6-ல் தனி ஸ்ட்ரக்சர் வந்தது. டிவைஸ் கிளாஸ் உருவாக்கும் ஃபங்ஷனில் 6.4-ல் ஓர் ஆர்குமென்ட் நீங்கியது. மூலக் கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர்களை, மாற்றம் செய்பவரே திருத்திவிடுவார். வெளியே இருப்பதை நாம்தான் திருத்த வேண்டும்.

பதிப்பு எண்ணைப் பார்த்து நிரலில் நிபந்தனை போடுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. ரெட் ஹாட் குடும்பத்தில் இது காலை வாரும். ரெட் ஹாட் 8-ன் கெர்னல் கடைசிவரை 4.18 என்றே சொல்லிக்கொள்ளும். ஆனால் பின்னால் வந்த கெர்னல்களின் மாற்றங்கள் ஏராளமாக அதற்குள் புகுத்தப்பட்டிருக்கும். முகவரியில் ‘வேலூர் மாவட்டம்’ என்று மட்டும் இருந்தால் ஆம்பூர் அதில் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது; 2019-க்கு முன்பா பின்பா என்று தெரிய வேண்டும். அதுபோல 4.18 என்பதோடு 8.4-ஆ, 8.9-ஆ என்றும் பார்க்க வேண்டும். இதற்கென்றே ரெட் ஹாட் தனி மேக்ரோ வைத்திருக்கிறது.

இன்னும் உறுதியான வழி, எண்ணை விட்டுவிட்டு கெர்னலையே கேட்பது: அந்த ஃபங்ஷனை அழைக்கும் நாலு வரி நிரலை எழுதி, கம்பைல் ஆகிறதா என்று பார்ப்பது. இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையும் என்விடியா டிரைவர்களும் இப்படித்தான் செய்கின்றன. ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஒரு ஹெடர் கோப்பு விட்டுப்போனாலும் சோதனை தோற்று, ‘அந்த வசதி இல்லை’ என்ற பொய்யான பதில் வரும். அதனால் கட்டாயம் வெற்றி பெற வேண்டிய சோதனை ஒன்றையும் கூடவே வையுங்கள்.

கம்பைல் சோதனைக்கு கன்டெய்னர் (கணினியின் கெர்னலையே பகிர்ந்துகொள்ளும் தனித்த சூழல்) போதும். உபுண்டு, டெபியனில் லினக்ஸ்-ஹெடர்ஸ் பேக்கேஜ்; ரெட் ஹாட் குடும்பத்தில் கெர்னல்-டெவெல். கன்டெய்னருக்குள் கெர்னல் பதிப்பைக் கேட்டால் வெளியே ஓடும் கெர்னலின் எண்தான் வரும். ஆகவே மேக்ஃபைலுக்கு பில்ட் டைரக்டரியின் பாதையை நேரடியாகக் கொடுங்கள். உபுண்டு 22.04-ன் இயல்பு கம்பைலர் ஜிசிசி 11; புதிய வன்பொருளுக்காக அதற்கு வரும் புதிய ஹெச்டபிள்யூஇ கெர்னல்களோ ஜிசிசி 12-ல் கட்டப்பட்டவை. ‘இந்த ஆப்ஷன் தெரியாது’ என்ற பிழை வந்தால் உங்கள் நிரலைக் குடையாதீர்கள். ஜிசிசி 12-ஐ நிறுவுங்கள்.

கன்டெய்னருக்குள் மாட்யூலை ஏற்றிப் பார்ப்பது மட்டும் வீண்வேலை. அங்கே தனிக் கெர்னல் கிடையாது. எத்தனை கன்டெய்னர் வைத்தாலும் சோதனைக்குள்ளாவது ஒரே கெர்னல்தான், அது உடைந்தால் கணினியே விழும். ஏற்றுவதற்கு மெய்நிகர் கணினி வேண்டும். லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம்மில் ஒவ்வொன்றுக்கும் 2 ஜிபி ரேம் தாராளம். ஏற்று, இறக்கு என்று நூறு முறை சுழலவிட்டு, சீரியல் கன்சோலை ஒரு கோப்பில் பதியுங்கள். கெர்னல் உறைந்தாலும் கடைசி வரிகள் மிஞ்சும். ரெட் ஹாட் குடும்பத்தின் கெர்னல்-டீபக் பேக்கேஜில் ஒரு முறையாவது ஓட்டுங்கள். தூங்கக் கூடாத இடத்தில் தூங்குவது, லாக்குகளை வரிசை மாற்றிப் பிடிப்பது போன்றவற்றை அது காட்டிக்கொடுக்கும்.

ஏற்றும்போது ‘இன்வேலிட் ஃபார்மட்’ என்றால் பெரும்பாலும் வேறு கெர்னலுக்குக் கட்டிய மாட்யூல். ‘அன்னோன் சிம்பல்’ என்றால் அந்த ஃபங்ஷன் வெளிவிடப்படவில்லை, அல்லது சார்ந்த மாட்யூல் இன்னும் ஏறவில்லை. சார்ந்த மாட்யூலை இன்ஸ்மாட் கட்டளை தானாக ஏற்றாது, மாட்ப்ரோப் கட்டளை ஏற்றும். ‘கீ ரிஜெக்டட்’ என்றால், நம்பகமான கையொப்பம் இல்லாததை மறுக்கும் செக்யூர் பூட். மாட்யூலுக்குக் கையொப்பமிட்டு, அந்தச் சாவியை ‘மோக்யூட்டில்’ (mokutil) என்ற கருவி மூலம் பதிய வேண்டும்.

கார்டு இல்லாத மெய்நிகர் கணினியில் மாட்யூல் சத்தமில்லாமல் ஏறும். ஆனால் வன்பொருளைத் தொடும் ப்ரோப் ஃபங்ஷன் ஓடியே இருக்காது. பயாஸில் ஐஓஎம்எம்யூவை (கார்டுகள் நினைவகத்தை அணுகுவதைக் கட்டுப்படுத்தும் வன்பொருள்) இயக்கி, கார்டை மெய்நிகர் கணினியிடம் ஒப்படைக்கும் விஎஃப்ஐஓ வழியாக அந்த ஒரே கார்டை ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்துச் சோதிக்கலாம்.