நின்ற பம்ப் மறுபடி ஓடுமா? கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்போர் கவனத்துக்கு

சென்னையில் வீடுகளிலும் அலுவலகங்களிலும் உள்ள கடல்நீர் மீன்தொட்டிகளைப் பராமரிப்பது என் தொழில். புதிதாகத் தொட்டி வைக்க விரும்புகிறவர்கள் கொளத்தூர்க் கடைகளுக்குப் போகும் முன் என்னிடம் தவறாமல் கேட்பது, எத்தனை லிட்டர் பம்ப் வாங்கலாம் என்பதைத்தான். மின்சாரம் நின்று திரும்பி வந்தபின் அந்தப் பம்ப் தானாகக் கிளம்புமா என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஆனால் நான் பார்த்த மீன் சாவுகளில் பல, பம்ப் பழுதாகி நின்றதால் நேர்ந்தவை அல்ல. நின்ற பம்ப் மறுபடி கிளம்பாததால் நேர்ந்தவை.

சில ஆண்டுகளுக்கு முன் அண்ணாநகரில் ஒரு வாடிக்கையாளரின் 400 லிட்டர் தொட்டியில் இது நடந்தது. நள்ளிரவில் முக்கால் மணி நேரம் மின்சாரம் இல்லை. திரும்பி வந்ததும் மின்விசிறி சுற்றியது, குளிர்சாதனம் ஓடியது, வீட்டார் தூங்கிவிட்டார்கள். காலையில் நான் போய்ப் பார்த்தபோது தொட்டியில் நீர் அசையவில்லை. கோமாளி மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மஞ்சள் டேங் மீன் பாறையோரம் சாய்ந்து கிடந்தது. தொட்டி நீர் இறங்கி வந்து மறுபடி மேலே ஏற்றப்படும் துணைத் தொட்டியான சம்ப்பில், கீழே கைவிட்டுப் பார்த்தால் பம்ப் சூடாக இருந்தது, உள்ளே ஒரு முனகல் மட்டும் கேட்டது. கழற்றியபோது, நீரைத் தள்ளும் இறக்கைகளோடு சுழலும் பகுதியான இம்பெல்லரின் அச்சைச் சுற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதுபோல, வெள்ளைச் சுண்ணாம்பு ஒரு வளையமாக இறுகியிருந்தது. முந்தைய மாதம் நான் அங்கே போயிருந்தேன். கண்ணாடியைத் துடைத்தேன், நீர் மாற்றினேன். ஓடுகிற பம்ப்தானே என்று அதைத் திறக்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

ஓடும் பம்ப் ஏன் கிளம்ப மறுக்கிறது என்பதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இயங்கும் சாதாரண ஏ.சி. பம்ப்புக்குள் ஒரு காந்தமும், அதைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருளும் உள்ளன. நொடிக்கு 50 முறை அலையும் மின்சாரத்தோடு ஒத்துப்போய் அந்தக் காந்தம் நிமிடத்துக்கு 3000 சுற்று சுழல்கிறது. ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் சிறு உராய்வு அதைத் தடுப்பதில்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதோ, காந்தம் முதலில் இப்படியும் அப்படியும் துடித்து, ஏதோ ஒரு திசையில் பிடித்துக்கொண்டுதான் சுழலத் தொடங்கும். அதற்கு வசதியாகப் பல பம்ப்புகளில் காந்தத்துக்கும் இறக்கைகளுக்கும் இடையே ஏறக்குறைய அரைச் சுற்று தளர்வு விட்டிருப்பார்கள்; சுமை இல்லாமல் கொஞ்சம் சுழன்ற பிறகே அது இறக்கைகளைத் தள்ளும். கடல்நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் கரைந்திருக்கிறது; மோட்டாரின் சூட்டில் அது அச்சிலும் இந்தத் தளர்விலும் படிகிறது. இடைவெளி அடைபட்ட பம்ப், நிறுத்தாதவரை ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் துடிக்கும், முனகும், சூடேறும், அவ்வளவுதான். மின்னழுத்தம் குறைவாக வரும் புறநகர்ப் பகுதிகளில் இது இன்னும் விரைவில் நேர்கிறது.

நன்னீர்த் தொட்டியைவிடக் கடல்நீர்த் தொட்டியில் இந்த நேரத்தில் ஆபத்து அதிகம். 28 டிகிரி செல்சியசில் நன்னீர் லிட்டருக்கு ஏறக்குறைய 7.8 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், கடல்நீர் 6.4 அளவில் நின்றுவிடும். அதையும் மீன்களோடு பாறையிலும் மணலிலும் வாழும் பாக்டீரியாக்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. மேற்பரப்பு அசையாவிட்டால் புது ஆக்சிஜன் போதிய அளவு உள்ளே வராது.

ஆகவே வாங்கும்போது பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணைப் பார்க்கும் முன் பம்ப்பைத் திறந்து பாருங்கள். கருவியில்லாமல் கையாலேயே முன்மூடியைத் திருகிக் கழற்ற முடிய வேண்டும். கழற்றச் சிரமமான பம்ப்பை யாரும் கழுவுவதில்லை. அச்சு பீங்கானாக இருக்கட்டும். எஃகு அச்சு, துருப்பிடிக்காத ரகம் என்று சொல்லி விற்றாலும், கடல்நீரில் காலப்போக்கில் அரிக்கப்படுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காந்தத்தின் மேலுறையில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். விரிசலோ கொப்புளமோ இருந்தால் நீர் உள்ளே போய்க் காந்தம் துருவேறி வீங்கி, உறைக்குள் சிக்கிக்கொள்ளும். கம்பிச் சுருளை மூடிய பிசின் வெடித்தால் கேடு இன்னும் பெரிது: செம்பு நீரில் கரையும், மிகச் சிறிய அளவுச் செம்பும் இறால், நத்தை, பவளம் ஆகியவற்றைக் கொல்லப் போதும். உதிரிப்பாகம் தனியாகக் கிடைக்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஜெர்மனியின் ஐஹைம், டுன்சே போன்ற நிறுவனங்கள் இம்பெல்லரையும் அச்சையும் தனித்தனியே விற்கின்றன. எந்த நிறுவனத்தின் பம்ப் வாங்கினாலும், அதற்குரிய இம்பெல்லர் ஒன்றையும் அதே நாளில் வாங்கி வைப்பது நல்லது.

லிட்டர் கணக்கில் ஏமாறுவது எளிது. மணிக்கு 3000 லிட்டர் என்பது நீரை மேலே ஏற்றாமல் கிடைக்கும் அளவு. 3 மீட்டர் வரை ஏற்றும் பம்ப்பை வைத்து சம்ப்பிலிருந்து ஒன்றரை மீட்டர் ஏற்றினால் ஏறக்குறைய பாதிதான் வரும். குழாயைத் திருப்பும் ஒவ்வொரு எல்போவும் இன்னும் கொஞ்சம் குறைக்கும். 20 லிட்டர் வாளியைக் குழாய்முனையில் பிடித்துப் பாருங்கள்: 24 நொடியில் நிரம்பினால் மணிக்கு 3000, 48 நொடியானால் 1500. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த, நொடிக்கு 60 முறை அலையும் மின்சாரத்துக்கான 60 ஹெர்ட்ஸ் பம்ப்பைத் தகுந்த மின்மாற்றி வைத்து இங்கே ஓட்டினாலும், வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். நீர் ஏற்றும் உயரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும்.

சம்ப்பிலிருந்து திரும்பும் நீர் மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப்போல் நான்கைந்து மடங்கு இருந்தால் போதும். தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்குவது வேவ்மேக்கர் என்ற தனிப் பம்ப்பின் வேலை. மீன் மட்டும் வளர்ப்போருக்கு அது பத்து முதல் இருபது மடங்கு வரை போதும். கல்பவளங்களுக்கே அதற்கும் மேல் வேண்டும். நம் கடலிலிருந்து கல்பவளங்களை எடுப்பதை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்வதால், இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு முதல் அளவே பொருந்தும். அந்த அளவை ஒரே பெரிய வேவ்மேக்கரில் வாங்காமல் இரண்டு சிறியவையாக வாங்குங்கள். ஒன்று கிளம்பாவிட்டாலும் மற்றொன்று மேற்பரப்பை அசைத்துக்கொண்டிருக்கும். அண்ணாநகர்த் தொட்டியில் அப்படி ஒன்று இருந்திருந்தால் அந்த டேங் பிழைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

24 வோல்ட் டி.சி. பம்ப்புகள் மெதுவாகத் தொடங்கி வேகம் எடுப்பவை, பல ரகங்கள் அடைப்பை உணர்ந்து மறுபடி முயல்பவை, மின்செலவிலும் சிக்கனமானவை. நீரில் மூழ்கியிருக்கும் 50 வாட் பம்ப் நாளுக்கு 1.2 யூனிட் எடுப்பதோடு, வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் 300 லிட்டர் நீரை ஒரே நாளில் மூன்றரை டிகிரி சூடாக்கிவிடும் என்பதை நினைத்தால், சித்திரை வெயிலில் 30 வாட் பம்ப்பின் அருமை புரியும். ஆனால் அவற்றில் முதலில் பழுதாவது பெரும்பாலும் மோட்டார் அல்ல, வெளியே இருக்கும் கன்ட்ரோலர். உப்புநீர் சொட்டும் இடத்தில் அதை வைக்கக்கூடாது. மின்சாரம் திரும்பியதும் பழைய வேகத்தில் அதுவே தொடங்குகிறதா, அல்லது பொத்தானை அழுத்தக் காத்திருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அது சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவ் வகையில் ஏ.சி. பம்ப் இரைச்சலோடு சூடாகும்.

2016 டிசம்பரில் வர்தா புயலின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நாள்களில் எந்த இன்வெர்ட்டரும் முழுத் தொட்டியைத் தாங்காது. பேட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்ப்தான் மீன்களைக் காப்பாற்றும்.

மின்சாரம் நின்றால் குழாய் வழியாகத் தொட்டி நீர் சம்ப்புக்கு இறங்கும் என்பதால், சம்ப்பில் அதற்கு இடம் வேண்டும். நீரைத் திரும்ப விடாத வால்வு தடுக்கும் என்று நம்பவேண்டாம், அதிலும் சுண்ணாம்பு படியும். 30 மில்லிஆம்பியர் கசிவில் மின்னிணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத இணைப்பில் தொட்டியை நான் ஏற்பதில்லை.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், கையை நனைக்கும் முன் எல்லாப் பம்ப்புகளையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி போடுகிறேன். தயங்கும் பம்ப்பைக் கழற்றி, பாதி வினிகரும் பாதி நீரும் கலந்த கிண்ணத்தில் இம்பெல்லரை ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, அச்சில் அது தன் அரைச் சுற்றைத் தடையின்றிச் சுற்றுகிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுகிறேன்.