மினியாபொலிஸில் உங்கள் பக்கத்து மனையில் என்ன வரும் என்பது எப்போது முடிவாகிறது?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள மினியாபொலிஸில் பக்கத்து வீட்டை இடித்துவிட்டு மூன்று குடித்தனம் இருக்கும்படி ஒரு கட்டடம் வரப்போகிறது என்று தெரிந்ததும் பலரும் முதலில் கேட்பது, இதைத் தடுக்க யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்பதுதான். பெரும்பாலும் யாரிடமும் கொடுக்க முடியாது. கட்டடம் விதிக்குள் இருந்தால் அக்கம்பக்கத்தாரின் சம்மதம் தேவையில்லை, கூட்டம் கிடையாது, ஓட்டெடுப்பு கிடையாது. வரைபடத்தைச் சரிபார்த்து பெர்மிட் கொடுத்துவிடுவார்கள். அந்த விதியை எழுதிய நேரத்தில்தான் பேசியிருக்க வேண்டும், அது 2018-ல் முடிந்துவிட்டது. அடுத்த முறை விதியை எழுத 2028 இறுதிவரை நேரம் இருக்கிறது. அதனால்தான் இப்போதே இதை விளக்கமாக எழுதுகிறேன்.

சுமார் 4.3 லட்சம் பேர் வாழும் நடுத்தர நகரம் மினியாபொலிஸ். 13 வார்டுகள், வார்டுக்கு ஒரு கவுன்சில் உறுப்பினர், தனியாக ஒரு மேயர். ஆனால் ஊர்த் திட்டத்தை நகரம் தன் விருப்பத்துக்கு மட்டும் எழுதிவிட முடியாது. மினியாபொலிஸையும் செயின்ட் பாலையும் சேர்த்து ஏழு கவுன்டிகள் கொண்ட வட்டாரத்துக்கு மெட்ரோபாலிட்டன் கவுன்சில் என்று ஓர் அமைப்பு 1967 முதல் இருக்கிறது, அதன் உறுப்பினர்களை மாநில ஆளுநர் நியமிக்கிறார். 1976-ல் வந்த மாநிலச் சட்டப்படி இந்த வட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு நகரமும் பத்து வருடத்துக்கு ஒரு முறை தன் முழு வளர்ச்சித் திட்டத்தைப் புதுப்பித்து அந்தக் கவுன்சிலின் பரிசீலனைக்கு அனுப்ப வேண்டும். இதை காம்ப் பிளான் என்பார்கள். நம்மூரில் மாஸ்டர் பிளான் என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அது.

எது எதற்கு மேல் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். காம்ப் பிளான் மேலே, அதற்குக் கீழே எந்த மனையில் என்ன, எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் சோனிங் விதி, அதற்கும் கீழே பெர்மிட். சோனிங் விதி காம்ப் பிளானுக்கு முரணாக இருக்கக் கூடாது. பெர்மிட் சோனிங்குக்கு உட்பட்டிருந்தால் அதைச் சும்மா மறுக்க முடியாது. பெர்மிட் கட்டத்தில் வந்து "இந்தத் தெருவுக்கு இது பொருந்தாது" என்று எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் அது எடுபடாமல் போவதற்குக் காரணம் அதிகாரிகளின் அலட்சியம் அல்ல. அவர்கள் கையில் அந்த அதிகாரமே இல்லை.

இப்போது நடப்பில் இருப்பது மினியாபொலிஸ் 2040 திட்டம். 2018 டிசம்பரில் கவுன்சிலில் 12-க்கு 1 என்ற கணக்கில் நிறைவேறி 2020 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதுவரை நகரத்தின் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனைக்கு ஒரு குடும்பத்துக்கான வீடு மட்டும்தான் கட்டலாம். அதைத்தான் இந்தத் திட்டம் மாற்றியது, இன்று நகரத்தின் எந்தக் குடியிருப்பு மனையிலும் மூன்று குடித்தனம் வரை கட்டலாம். பஸ் போகும் பெரிய சாலைகளை ஒட்டி நான்கு மாடி, ஆறு மாடி, ரயில் நிலையங்களுக்கு அருகே அதைவிட உயரம் என்று வரைபடத்தில் ஒவ்வொரு மனைக்கும் ஒரு வகை குறிக்கப்பட்டிருக்கிறது. 2021-ல் புதுக் கட்டடங்களுக்கு இத்தனை பார்க்கிங் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தையும் நகரம் முழுக்க எடுத்துவிட்டார்கள்.

முதல் வரைவில் இருந்தது மூன்று குடித்தனம் அல்ல, நான்கு. 2018 மார்ச்சில் அந்த வரைவு வெளிவந்ததும் 'எங்கள் பேட்டைகளை புல்டோசரால் இடிக்காதே' என்று வீட்டு முற்றங்களில் சிவப்புப் பலகைகள் முளைத்தன. எதிர்ப்பக்கம் 'நெய்பர்ஸ் ஃபார் மோர் நெய்பர்ஸ்' என்ற குழு, அண்டை வீட்டார் இன்னும் பெருகட்டும் என்று தெருத் தெருவாக ஆதரவு திரட்டியது. 10,000-க்கு மேல் கருத்துகள் எழுத்தில் வந்து குவிந்தன. நான்கு மூன்றானது அப்படித்தான். ஒரு குடித்தனம் குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சி இல்லை, நான்காகவே இருந்திருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எழுதிப் போட்டவர்களால் ஒரு நகரத்தின் சட்டம் மாறியது என்பது உண்மை, அதுவும் இரண்டு தரப்பும் எழுதியதால்.

ஒரு குடும்ப வீடு என்ற விதியை ஏன் இவ்வளவு தீவிரமாக நீக்கினார்கள் என்பதற்குப் பின்னால் ஓர் இருண்ட வரலாறு இருக்கிறது. 1910 முதல் இந்த ஊரில் வீட்டுப் பத்திரங்களிலேயே, இந்த மனையைக் கறுப்பினத்தவருக்கோ சீனருக்கோ ஜப்பானியருக்கோ விற்கவும் கூடாது, வாடகைக்கு விடவும் கூடாது என்ற மாதிரி நிபந்தனைகள் எழுதப்பட்டன. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் 'மேப்பிங் பிரெஜுடிஸ்' குழு ஆயிரக்கணக்கான பத்திரங்களைத் தேடி எடுத்து வரைபடமாகவே போட்டிருக்கிறது. 1948-ல் இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது, 1968-ல் அவை முற்றிலும் சட்டவிரோதம் ஆயின. ஆனாலும் பத்திரத்தில் எழுதிய வரி அப்படியே கிடக்கிறது. அங்கே பழைய வீடு வாங்கியிருப்பவர்கள் பத்திரத்தைப் பாருங்கள். அப்படி ஒரு வரி இருந்தால், அது செல்லாது என்று பதிவு செய்ய 2019-ன் மாநிலச் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. 'ஜஸ்ட் டீட்ஸ்' என்ற ஏற்பாட்டின் மூலம் வழக்கறிஞர் உதவி இலவசமாகவே கிடைக்கும்.

சரி, பெர்மிட் கட்டத்தில் எதுவுமே செய்ய முடியாதா என்றால், கட்டுபவர் விதிக்கு மேல் ஏதாவது கேட்கும்போது முடியும். அதாவது மனையின் சோனிங் வகையையே மாற்றச் சொல்லும்போது, நிபந்தனையோடு தரும் அனுமதி கேட்கும்போது, இல்லாவிட்டால் உயரம், மனை எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி இவற்றில் விலக்கு கேட்கும்போது. இவற்றுக்குப் பொது விசாரணை உண்டு. ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட ஓர் இடத்தின் சோனிங்கை மாற்றுவதாக இருந்தால், 350 அடிக்குள் சொத்து வைத்திருப்பவர்களுக்கு விசாரணைக்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் தபால் போக வேண்டும் என்கிறது மாநிலச் சட்டம். கவனியுங்கள், சொத்து வைத்திருப்பவர்களுக்கு. வாடகைக்கு இருப்பவருக்குக் கடிதம் அனுப்பியே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. நகர மக்களில் பாதிப் பேர் வாடகை வீட்டில் இருக்கும் ஊரில் இது பெரிய ஓட்டை என்பது என் கருத்து. வாடகைக்கு இருப்பவர்கள் தபாலை நம்பி இருக்காமல் நகரத் திட்டக் குழுவின் நிகழ்ச்சி நிரலை அவ்வப்போது பார்த்துக்கொள்வதுதான் வழி. விசாரணையில் பேச வீடு சொந்தமாக இருக்க வேண்டியதில்லை, குடியுரிமையும் வேண்டியதில்லை. விசாவில் வேலை பார்ப்பவரும் போய்ப் பேசலாம், எழுதியும் அனுப்பலாம்.

இன்னொரு விதியும் பலருக்குத் தெரியாது. சோனிங் சம்பந்தமான விண்ணப்பத்தை நகரம் 60 நாளுக்குள் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். தேவைப்பட்டால் எழுத்தில் தெரிவித்து இன்னும் 60 நாள் நீட்டிக்கலாம். இரண்டும் செய்யாமல் விட்டால் விண்ணப்பம் தானாகவே அனுமதிக்கப்பட்டதாக ஆகிவிடும். "கொஞ்ச நாள் இழுத்தடித்தால் கட்டுபவரே விட்டுவிட்டுப் போய்விடுவார்" என்று பேட்டைச் சங்கங்களில் சிலர் சொல்வதை நம்ப வேண்டாம், மினசோட்டாவில் அது நடக்காது.

அடுத்தது பணம். மறுமேம்பாடு என்று வரும்போது டிஃப் (டேக்ஸ் இன்கிரிமென்ட் ஃபைனான்சிங், அதாவது கூடுதலாக வரும் சொத்து வரியை வைத்துத் திட்டத்துக்குப் பணம் தருவது) என்ற பெயர் அடிக்கடி காதில் விழும். ஒரு பேச்சுக்கு, ஒரு பாழடைந்த பிளாக் வருடத்துக்கு 1 லட்சம் டாலர் சொத்து வரி கட்டுகிறது என்று வையுங்கள். அதைப் புதுப்பித்தால் 5 லட்சம் வரும். நகரம் அந்த இடத்தை டிஃப் மாவட்டமாக அறிவித்தால் நகரம், கவுன்டி, பள்ளி மாவட்டம் எல்லோருக்கும் பொதுவாகப் பழைய 1 லட்சத்துக்கான பங்குதான் போகும். கூடுதலாக வரும் 4 லட்சம் பல வருடங்களுக்கு அந்தத் திட்டத்தின் செலவுக்கே திரும்பும். மறுமேம்பாட்டு வகை என்றால் இது சுமார் 25 வருடம் வரை ஓடலாம். அதற்கு அங்குள்ள கட்டடங்களில் பாதிக்கு மேல் தரம் கெட்டவை என்று காட்ட வேண்டும். அதோடு கவுன்சில் ஒரு முடிவைப் பதிவு செய்தாக வேண்டும்: இந்தப் பொதுப்பணம் இல்லாமல் தனியார் முதலீட்டால் மட்டும் இது நடக்க வாய்ப்பில்லை என்று. விசாரணைக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், உண்மையாகவே இந்தப் பணம் இல்லாவிட்டால் கட்ட மாட்டார்களா? கட்டடத்தின் நிறம், நிழல், பார்க்கிங் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் நல்லது.

டிஃப் பணம் நல்லபடியாகவும் பயன்பட்டிருக்கிறது. 1990-ல் மாநிலச் சட்டமன்றம் அனுமதித்து, டவுன்டவுன் பகுதியின் டிஃப் வருமானத்திலிருந்து வருடத்துக்கு 2 கோடி டாலர் வீதம் 20 வருடம் பேட்டைகளுக்கே கொடுப்பது என்று ஒரு திட்டம் வந்தது. பேட்டை மக்களே கூடி, எதற்குச் செலவு செய்வது என்று முடிவு செய்யலாம், ஆனால் பாதிக்கு மேல் வீட்டு வசதிக்குப் போக வேண்டும். 2001-ல் மாநிலச் சொத்து வரிமுறை மாறியதால் நினைத்த அளவு பணம் வரவில்லை. பல இடங்களில் சங்கக் கூட்டங்களுக்கு வந்தவர்கள் சொந்த வீட்டுக்காரர்களாகவே இருந்ததால் பணம் அவர்கள் வீடுகளைப் பழுது பார்ப்பதற்கே அதிகம் போனது என்ற குறையும் எழுந்தது. அந்தக் குறை நியாயமானது. கூட்டத்துக்கு யார் வருகிறார்களோ அவர்களுக்கே திட்டம் என்று ஆகிவிடுவது எந்த ஊரிலும் நடப்பதுதான். அந்தத் திட்டம் முடிந்துவிட்டது. இன்றைக்குப் பேட்டைச் சங்கங்கள் கருத்துச் சொல்லலாம், திட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை.

மோசமான உதாரணமும் அதே ஊரில் இருக்கிறது. 1970-களின் பிற்பகுதியில் லேக் ஸ்ட்ரீட் என்ற கடைத்தெருவின் வியாபாரத்தைத் தூக்கி நிறுத்துவதாகச் சொல்லி நிக்கோலெட் அவென்யூவையே அடைத்து அதன் குறுக்கே ஒரு கேமார்ட் கடையைக் கட்ட நகரம் இடம் கொடுத்தது. நகரத்தின் முக்கியமான தெரு ஒன்று நடுவில் முட்டி நின்றது. பஸ் சுற்றிப் போனது, அந்தப் பக்கத்துச் சிறு கடைகளுக்கு வழி அடைபட்டது. தவறு என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகும் குத்தகை ஒப்பந்தம் பல பத்தாண்டுகள் விடவில்லை. நிலத்தையும் குத்தகையையும் நகரமே பணம் கொடுத்து மீட்டு, 2020-ல் கடையை மூடி, 2023-ல்தான் இடிக்கத் தொடங்கினார்கள். தெருவை மறுபடி திறந்து சுற்றிலும் வீடுகளும் கடைகளும் கொண்டுவரும் வேலை இப்போதுதான் நடக்கிறது. மறுமேம்பாட்டு ஒப்பந்தத்தில் எத்தனை வருடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதை ஏன் உற்றுப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நகரம் உங்கள் இடத்தையே எடுத்துக்கொண்டால்? 2005-ல் கனெடிகட்டின் நியூ லண்டன் வழக்கில், பொருளாதார வளர்ச்சிக்காகத் தனியார் வீட்டை எடுத்து இன்னொரு தனியாரிடம் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்பளித்தது. மினசோட்டா மறு வருடமே சட்டம் போட்டு, வேலைவாய்ப்பும் வரி வருமானமும் கூடும் என்ற காரணம் மட்டும் போதாது என்று கட்டுப்படுத்திவிட்டது. அப்படியும் எடுத்தால், அதே ஊரில் ஒப்பான இடம் வாங்கும் அளவுக்கு உரிமையாளருக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும்.

வாடகைக்கு இருப்பவருக்கும் உரிமை உண்டு. 1970-ன் மத்தியச் சட்டப்படி, மத்திய அரசுப் பணம் கலந்த திட்டத்துக்காக இடம்பெயர வேண்டி வந்தால் குறைந்தது 90 நாள் முன்னால் எழுத்தில் அறிவிப்பு, ஒப்பான மாற்று வீட்டைக் காட்டும் பொறுப்பு, வீடு மாறும் செலவு, அப்புறம் பழைய வாடகைக்கும் புதிய வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தில் 42 மாதக் கணக்கில் உதவி எல்லாம் கிடைக்க வேண்டும், கடைசியாகச் சொன்ன உதவிக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. மாநிலமோ நகரமோ தன் சொந்தப் பணத்தில் இடம் எடுத்தாலும் மினசோட்டாவில் இதே உதவி உண்டு. தகுதி உண்டு என்று கடிதம் வரும் முன்பே "எப்படியும் இடிப்பார்கள்" என்று காலி செய்துவிட்டால் இந்த உரிமை கைநழுவக்கூடும். கடிதம் வரும்வரை நகராதீர்கள், வாடகையையும் நிறுத்தாதீர்கள்.

2040 திட்டத்தால் பலன் இருந்ததா? பியூ என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பின் கணக்குப்படி 2017 முதல் 2022 வரை நகரத்தில் வீடுகளின் எண்ணிக்கை 12 சதவீதம் கூடியது, வாடகை 1 சதவீதம்தான் ஏறியது, மாநிலத்தின் மற்ற பகுதிகளில் 14 சதவீதம். இதில் மூன்று குடித்தன வீடுகளின் பங்கு சிறியது. பெரிய சாலைகளில் வந்த அடுக்குமாடிகளும், அதற்கு முன்பே தளர்த்தத் தொடங்கியிருந்த பார்க்கிங் விதியும்தான் பெரும் பங்கு. இடையில் சில குழுக்கள் சுற்றுச்சூழல் காரணம் காட்டி வழக்குப் போட்டதால், 2022-லும் 2023-லும் நீதிமன்றம் திட்டத்தை நிறுத்தியது. 2024 மே மாதம் மேல்முறையீட்டில் அந்தத் தடை விலகியது, சட்டமன்றமும் தனிச் சட்டம் இயற்றி இந்த வழக்குப் பாதையை அடைத்தது.

மெட்ரோபாலிட்டன் கவுன்சில் 2025 பிப்ரவரியில் 'இமேஜின் 2050' என்ற வட்டாரத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதை ஒட்டி ஒவ்வொரு நகரமும் தன் புதிய காம்ப் பிளானை 2028 இறுதிக்குள் கொடுக்க வேண்டும். கருத்து எழுதுகிறவர்கள் "வளர்ச்சி வேண்டும்", "அமைதி வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் அதை வைத்து யாரும் எதையும் மாற்ற முடியாது. கட்டட வடிவ வரைபடத்தைத் திறந்து உங்கள் தெருவுக்கு இப்போது என்ன வகை போட்டிருக்கிறது என்று பாருங்கள், அதை எதுவாக மாற்ற வேண்டும், எந்தச் சந்திப்பிலிருந்து எந்தச் சந்திப்பு வரை, ஏன் என்று எழுதுங்கள். உங்கள் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கும் மற்றவர்களையும் அவரவர் பெயரில் எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் தபால் அவர்களைத் தேடி வராது.