ஒரு ஸ்பூன் ரோஸ் வாட்டர்தானே, டாக்டர்?

தொடையிலும் தோளிலும் சிவந்த சீழ்க்கொப்புளங்கள். கையில் ஒரு கண்ணாடி டப்பா. "வீட்டிலேயே செய்த பாடி பட்டர் டாக்டர், உடம்பில் பூசும் கொழுப்புக் களிம்பு, எல்லாம் இயற்கைதான்." மூடியைத் திறந்தால் மேலே வெள்ளை வெளேரென்று நன்றாகத்தான் இருக்கும். ஓரத்தைக் கொஞ்சம் கிளறினால் கண்ணாடியை ஒட்டிப் பொடிப்பொடியாக நீர்முத்துகள். மூடியின் உள்வளையத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. தண்ணீர் சேர்த்தீர்களா என்று கேட்டால், "இல்லவே இல்லை. ரோஸ் வாட்டர் ஒரு ஸ்பூன், அவ்வளவுதான். வைட்டமின் ஈ போட்டிருக்கிறேன், கெடாது."

இதே பேச்சு ஆள் மாறி ஆள் வந்து அச்சுப் பிசகாமல் நடக்கிறது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

ரோஸ் வாட்டர் என்பது தண்ணீர். கற்றாழை ஜெல் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் தண்ணீர். கஷாயம், பால், பழச்சாறு, வெள்ளரிச்சாறு எல்லாமே தண்ணீர்தான், அதுவும் சர்க்கரையும் புரதமும் கலந்த தண்ணீர். கிருமிக்கு விருந்து. தேன் தனியாக இருக்கும்போது கெடாது, உண்மை. ஆனால் அது கொழுப்பில் கரையாது, அடியில் இறங்கிவிடும். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து நீர்த்தும் போகும்.

நீரில்லாத பாடி பட்டருக்குப் பிரிசர்வேட்டிவ், அதாவது கிருமி வளராமல் காக்கும் பொருள், தேவையில்லை என்று சொல்வதற்கு ஒரே ஒரு காரணம்தான்: அதில் நீரில்லை. அதிலுள்ள ஷியா பட்டருக்கு (ஷியா மரத்தின் கொட்டைக் கொழுப்பு) ஏதோ தெய்வீகக் காப்பு இருப்பதால் அல்ல. பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருக நீர் வேண்டும், அது கிடைக்காததால் சும்மா கிடக்கின்றன. ஒரு ஸ்பூன் ஊற்றினீர்கள் என்றால் அந்த ஒரே காரணமும் போய்விட்டது. "நூறு கிராமில் அஞ்சு கிராம்தானே" என்று கணக்குச் சொல்லாதீர்கள். நீர் கொழுப்பில் கரைந்து பரவுவதில்லை, துளித்துளியாகப் பிரிந்து நிற்கிறது. துளிக்குள் இருக்கும் கிருமிக்கு அது அஞ்சு சதவீதம் அல்ல, முழுக் குளம். தெளிவான திரவத்திலேயே ஒரு மில்லிக்குக் கோடிக்கணக்கில் பாக்டீரியா சேர்ந்தால்தான் கலங்கல் கண்ணுக்குத் தெரியும். வெள்ளைப் பட்டருக்குள் எங்கே தெரியப்போகிறது? வாசனை நன்றாக இருக்கிறது என்பதும் சாட்சி அல்ல. அது நீங்கள் வாசனைக்குப் போட்ட லாவெண்டர் எண்ணெயின் வாசனை.

இப்போது வைட்டமின் ஈ. இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். எண்ணெய்க்கு இரண்டு எதிரிகள். ஒன்று ஆக்சிஜன். அது எண்ணெயைத் தாக்கினால் சிக்கு வாடை வரும், பழைய மெழுகுக்குச்சி மாதிரியோ காய்ந்த பெயின்ட் மாதிரியோ மணக்கும். இன்னொன்று கிருமி, அதற்கு நீர் வேண்டும். வைட்டமின் ஈ முதல் எதிரியை மட்டும்தான் தாமதப்படுத்தும், தடுத்து நிறுத்தக்கூடச் செய்யாது. இரண்டாவது எதிரியை அது ஒன்றும் செய்யாது. ஒன்றுமே செய்யாது. பத்து கேப்ஸ்யூலைக் குத்தி ஊற்றினாலும் ஒரு பூஞ்சைகூடச் சாகாது. பட்டர் பிசுபிசுக்கும், அவ்வளவுதான். ரோஸ்மேரி எக்ஸ்ட்ராக்டும் இதே வேலைதான். கிரேப்ஃப்ரூட் விதைச் சாறு கிருமியைக் கொல்கிறதே என்பார்கள். சோதித்துப் பார்த்தபோது அப்படிக் கொன்ற பல மாதிரிகளில் செயற்கைக் கிருமிநாசினி கலந்திருந்தது தெரியவந்தது. ஃப்ரிட்ஜ் வளர்ச்சியை மெதுவாக்கும், நிறுத்தாது.

சரி, பிரிசர்வேட்டிவ் வாங்கிப் போட்டுவிடுகிறேன் என்றால், நீரையும் எண்ணெயையும் சேர்த்துப் பிடிக்க எமல்சிஃபையர் வேண்டும், பி.எச். (அமில-கார அளவு) பார்க்க வேண்டும், அந்தப் பிரிசர்வேட்டிவ் நீர்ப்பகுதியில் போய்ச் சேர வேண்டும். அது கிரீம். வேறு தொழில். வீட்டில் முதல்முறை செய்பவர் தயவுசெய்து அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஒழுங்காகச் செய்ய 100 கிராமுக்கு: ஷியா பட்டர் 50, கொக்கோ பட்டர் 15, தேங்காய் எண்ணெய் 15, ஹொஹோபா மாதிரி திரவ எண்ணெய் 14, ஆரோரூட் (கூவைக்கிழங்கு) மாவு 5, வைட்டமின் ஈ 0.5, எசென்ஷியல் ஆயில் (செடியிலிருந்து எடுக்கும் வாசனை எண்ணெய்) 0.5 கிராம். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால் எனக்கு இன்னும் சந்தோஷம். அப்போது திரவ எண்ணெயை 14.5 ஆக்கிக்கொள்ளுங்கள். 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுங்கள். ஸ்பூன் கணக்கு, கப் கணக்கு எல்லாம் இங்கே ஆகாது. அரைகுறையாக உறைந்த ஷியா ஒரு கப்புக்கு எத்தனை கிராம் என்று யாராலும் சொல்ல முடியாது.

பாத்திரம், அடிக்கும் கருவி (பீட்டர்), டப்பா எல்லாம் கழுவி முழுக்கக் காய வேண்டும். பிறகு 70 சதவீத ஆல்கஹாலைத் தெளித்துத் தானாக உலரவிடுங்கள். இதை அடுப்புப் பக்கத்தில் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்து உருக்கும்போதுதான் பலருக்கும் தண்ணீர் உள்ளே போகிறது. கிண்ணத்தின் விளிம்பைப் பாருங்கள், ஆவி சுற்றிவந்து வெளிப்பக்கம் துளியாகத் தொங்கும். கிண்ணத்தைச் சாய்த்து ஊற்றும்போது எண்ணெயோடு அதுவும் வழிந்து சேரும். ஆகவே கிண்ணம் கீழ்ப்பாத்திரத்தைவிட அகலமாக இருக்கட்டும், தீ சின்னதாக இருக்கட்டும், இறக்கியதும் முதலில் அடியையும் வெளிப்பக்கத்தையும் துணியால் துடையுங்கள்.

கொக்கோ பட்டரை முதலில் உருக்கிவிட்டு ஷியாவைச் சேர்த்து, அது முழுதாக உருகியதும் இறக்கி, மற்ற எண்ணெய்களைக் கலக்குங்கள். சூடு 40 டிகிரிக்குக் கீழே வந்தபின் வைட்டமின் ஈ, வாசனை. பிறகு ஃப்ரிட்ஜ். ஓரம் வெளுத்து, நடு இன்னும் தளதளவென்று இருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். கல்லாக உறையவிட்டு எடுத்தால் அறைக்காற்றின் ஈரம் கிண்ணத்தில் வியர்த்துவிடும். அதையும் சேர்த்துத்தான் அடிப்பீர்கள். மழைநாளில் இது இன்னும் மோசம். ஐந்து முதல் எட்டு நிமிடம் அடித்தால் பஞ்சு போல உப்பும். மாவைச் சலித்துக் கடைசியில் சேருங்கள். மாவும் கிருமிக்கு நல்ல சாப்பாடுதான், நீர் வராதவரை பிரச்சினையில்லை. அழகுக்காக மேலே பூவிதழ் தூவுவது மட்டும் வேண்டாம். காய்ந்த இதழிலும் ஈரம் மிச்சமிருக்கும், பூஞ்சை வித்தும் இருக்கும்.

சில நாளில் மணல் மாதிரி நெருடுகிறதா? கெட்டுப்போகவில்லை. ஷியாவிலுள்ள கொழுப்புகள் ஒரே சூட்டில் உறைவதில்லை. மெதுவாகக் குளிர்ந்தால் சீக்கிரம் உறைபவை தனியாகக் குருணை கட்டிவிடும். முழுக்க உருக்கி வேகமாகக் குளிரவைத்தால் சரியாகிவிடும். வேடிக்கை என்னவென்றால், பாவம் இந்தக் குருணை பட்டரைக் குப்பையில் கொட்டுகிறார்கள், நீர்முத்து பூத்ததைத் தடவிக்கொள்கிறார்கள். அறை வெயிலில் அமுங்கிப் போவதும் கெடுதல் அல்ல. தேங்காய் எண்ணெய் 25 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். அதை 5 ஆகக் குறைத்து, கொக்கோ பட்டரை 25 ஆக்கினால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

குளித்து ஈரம் சொட்டாமல் ஒற்றியதும் மூன்று நிமிடத்துக்குள் தடவுங்கள். பட்டருக்கென்று சொந்த ஈரம் கிடையாது, தோலில் இருக்கும் ஈரத்தை ஓடிப்போகாமல் மூடிவைக்கத்தான் அதற்குத் தெரியும். "ஈரத்தோலில் தடவு என்கிறீர்கள், தண்ணீர் படக்கூடாது என்கிறீர்கள்!" உடம்பு ஈரமாக இருக்கலாம், டப்பாவுக்குள் போகும் விரல் ஈரமாக இருக்கக்கூடாது. குளிக்கப் போகும் முன்பே உலர்ந்த கரண்டியால் அன்றைக்கு வேண்டியதை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். டப்பாவைக் குளியலறையில் வைக்கவே வேண்டாம்.

சுத்தமாகச் செய்த பட்டரே மயிர்க்காலை அடைத்துக் கொப்புளம் உண்டாக்கலாம். முடி வளரும் திசையில் மெல்லிசாகத் தடவுங்கள், தேய்க்காதீர்கள். முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் தடவ வேண்டாம். தேமலுக்கும் பொடுகுக்கும் காரணமான மலசீசியா கொழுப்பைத் தின்று வாழும் ஈஸ்ட், அதற்கு நீங்களே பரிமாற வேண்டாம். படர்தாமரைக்கு இது மருந்தல்ல. வெடித்த எக்சிமாவிலும் புதிய தீக்காயத்திலும் தொடாதீர்கள். கர்ப்பக்கோடு வராமல் தடுக்கும் என்று கொக்கோ பட்டரைக் கர்ப்பிணிகளிடம் சோதித்தே பார்த்தாயிற்று, அது கலக்காத வெறும் கிரீமைவிட எந்தப் பலனும் இல்லை. சன்ஸ்கிரீனுக்குப் பதிலாகவும் ஆகாது.

எசென்ஷியல் ஆயில் ஏறக்குறைய 20 சொட்டு ஒரு மில்லி. உடம்புக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள், லவங்கப்பட்டை எண்ணெயைத் தொடவே தொடாதீர்கள். பெர்கமாட் (ஒருவகை நாரத்தை இனப் பழம்), எலுமிச்சை எண்ணெய் தடவி வெயிலில் போனால் தோல் வெந்து கருக்கும். ஒருமுறை அலர்ஜி பிடித்துவிட்டால் அது பெரும்பாலும் ஆயுசுக்கும் கூடவே வரும். கைக்குழந்தைக்கு எந்த வாசனையும் வேண்டாம். யாராக இருந்தாலும் முதலில் முழங்கை உள்மடிப்பில் தினம் இரண்டு வேளை, ஏழு நாள் தடவிப் பாருங்கள்.

டப்பாவில் செய்த தேதியை ஒட்டுங்கள், ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். நீர்முத்து, புள்ளி, சிக்கு வாடை, எது தெரிந்தாலும் மேலாக வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தாதீர்கள், முழு டப்பாவும் குப்பைக்குத்தான். மனசு வராது, தெரியும்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. எண்ணெய் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி 2018-லேயே எச்சரித்தது, பாரஃபின் (பெட்ரோலியத்திலிருந்து வரும் மெழுகு) இல்லாத களிம்புகளையும் சேர்த்துத்தான். துவைத்தாலும் எண்ணெய் முழுதாகப் போகாது. இரவில் பட்டர் பூசிக்கொண்டு படுப்பவர் அந்த உடையோடு அடுப்பருகே போக வேண்டாம், படுக்கையில் சிகரெட் வேண்டாம். பட்டர் துடைத்த துணியைச் சூடான டிரையரில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.